தன் வகுப்பைத் தானே ஆராய்தல்: ஆசிரியருக்கு ஏற்ற வழி எது?

தன் கற்பித்தலைத் தானே ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்று முடிவு செய்யும் ஆசிரியருக்கு முன்னால் இன்று பல வழிகள் உள்ளன. வகுப்பு முடிந்ததும் குறிப்பேட்டில் எழுதி வரலாம். ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, ஒரு மாற்றத்தைச் செய்து அதன் விளைவைக் கண்டறியும் செயல் ஆராய்ச்சி செய்யலாம். சக ஆசிரியர்களோடு சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் கவனிக்கும் பாட ஆய்வில் ஈடுபடலாம். கற்பிக்கும் தன்னையே ஆய்வுப் பொருளாக்கும் தன்னாய்வை மேற்கொள்ளலாம். நடந்தவற்றைக் கதையாக எழுதி அவற்றின் பொருளைத் தேடும் கதைவழி ஆய்வும் உண்டு. பயிற்சி வகுப்புகளில் இவை ஒரே பொருளின் வெவ்வேறு பெயர்கள் போலவும், எதை எடுத்தாலும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேரலாம் என்பது போலவும் பேசப்படுவதுண்டு. அந்தக் கருத்து ஆசிரியரின் நேரத்தை வீணாக்குகிறது என்பது என் உறுதியான எண்ணம். ஒவ்வொரு வழியும் ஒரு வகைக் கேள்விக்கே நன்றாகப் பதில் தருகிறது. தவறான முடிவுக்கு வந்துவிட்ட ஆசிரியரைத் தடுத்து நிறுத்தும் வலிமையும் எல்லாவற்றுக்கும் ஒன்றுபோல் இல்லை. ஆகவே, செலவாகும் நேரம், வேண்டிய துணை, கிடைக்கும் சான்று ஆகியவற்றோடு இன்னொன்றையும் அளவுகோலாக வைத்து இவற்றை ஒப்பிடுகிறேன்: நான் நினைப்பது தவறாக இருந்தால், அதை எனக்கு எடுத்துச் சொல்ல இந்த வழியில் யார் அல்லது எது இருக்கிறது?

இந்த அளவுகோலை முதன்மையாகக் கொள்வதற்கான காரணம் ஆசிரியப் பணியின் அமைப்பிலேயே இருக்கிறது. பெரும்பாலான ஆசிரியர்கள் தம் பணிநாளின் பெரும்பகுதியைச் சக ஆசிரியர் எவரும் எட்டிப் பார்க்காத அறையில் கழிக்கிறார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975-இல் இந்தத் தனிமையை விரிவாக எழுதினார். ஆசிரியப் பணிக்கு வருபவர், தான் மாணவராக இருந்த காலத்திலேயே பல ஆயிரம் மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துப் பழகி, கற்பித்தல் என்றால் இப்படித்தான் என்ற ஒரு படிமத்தை மனத்தில் ஏற்றிக்கொண்டுவிடுகிறார் என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். தனிமையும் பழைய படிமமும் சேரும்போது, வகுப்பில் நடந்ததும் ஆசிரியரின் நினைவில் நிற்பதும் எளிதில் விலகிப் போகின்றன. கல்வி ஆய்வாளர் நெட் ஃபிளாண்டர்ஸ் வகுப்பறைப் பேச்சை வகைப்படுத்தி அளந்தபோது, வகுப்பு நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பேச்சில் கழிவதையும், அந்தப் பேச்சிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியருடையதாக இருப்பதையும் கண்டார். மேரி பட் ரோ 1970-களில் வெளியிட்ட ஆய்வுகளில், கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காகச் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருந்தது தெரியவந்தது. அதை 3 விநாடியாகவோ அதற்கு மேலாகவோ நீட்டியபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன, தாமாக முன்வந்து பேசுபவர்களும் கூடினர். ஒரு விநாடிதான் காத்திருக்கிறோம் என்பது கேள்வி கேட்டுக்கொண்டிருப்பவருக்குத் தெரிவதில்லை; வகுப்பின் ஓட்டத்தில் அது போதுமான நேரமாகவே தோன்றுகிறது. கவனத்தில் பதியாத ஒன்றை மாலையில் உட்கார்ந்து எவ்வளவு நேர்மையாக நினைத்துப் பார்த்தாலும் மீட்டெடுக்க முடியாது.

ஒப்பீடு வெறும் கருத்தளவில் நின்றுவிடாமலிருக்க, ஒரே சிக்கலை எல்லா வழிகளிடமும் கொடுத்துப் பார்ப்போம். ஒரு வகுப்பில் எந்தக் கேள்வி கேட்டாலும் அதே நான்கைந்து மாணவர்களே பதில் சொல்கிறார்கள். மற்றவர்கள் வாய் திறப்பதில்லை. ஆசிரியர் இதைக் கவனித்திருக்கிறார், மாற்றவும் விரும்புகிறார்.

முதல் வழியான குறிப்பேட்டுக்கு எந்த முன்னேற்பாடும் வேண்டாம்; இன்றே தொடங்கிவிடலாம். இதன் பின்னால் நல்ல சிந்தனை மரபும் இருக்கிறது. ஒரு நம்பிக்கை எந்த ஆதாரத்தின் மேல் நிற்கிறது, அது எந்த விளைவுகளை நோக்கி இட்டுச் செல்கிறது என்று விடாமுயற்சியோடும் கவனத்தோடும் ஆராய்வதே மீள்நோக்குச் சிந்தனை என்று ஜான் டூயி 1910-இல் விளக்கினார். டொனால்ட் ஷோன் 1983-இல், செயலில் ஈடுபட்டிருக்கும்போதே எழும் சிந்தனையையும் செயல் முடிந்த பின் அதைப் பற்றி எழும் சிந்தனையையும் பிரித்துக் காட்டினார். குறிப்பேடு இவற்றில் இரண்டாவதற்கு உதவும் கருவி. பணியில் புதிதாகச் சேர்ந்தவருக்கு இது பெரிய துணை: எந்த நேரத்தில் பொறுமை குறைகிறது, எந்த வகுப்புக்குப் போகும்போது அச்சம் வருகிறது, எந்தத் தலைப்பைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறோம் என்பதெல்லாம் சில வாரக் குறிப்புகளைச் சேர்த்துப் படித்தாலே புலப்படும். வேறு எவர் கண்ணுக்கும் படாது என்பதால் மறைக்க வேண்டிய தேவையும் இல்லை.

ஆனால் எழுதுபவரே தீர்ப்பும் சொல்கிறார் என்பது குறிப்பேட்டின் பெருங்குறை. நம் எடுத்துக்காட்டில், பேசாத மாணவர்களைப் பற்றி ஆசிரியர் முதல் வாரத்தில் "கூச்சப்படுகிறார்கள்" என்று எழுதுவார். அடுத்த வாரம் அதற்கு ஒத்துப்போகும் நிகழ்ச்சிகளே அவர் கண்ணில் படும். ஒரு மாதம் கழித்து அது ஐயத்துக்கு இடமில்லாத உண்மையாக உறைந்துவிடும். இடையில் அந்த மாணவர்களிடம் ஒரு சொல்லும் கேட்கப்பட்டிருக்காது. எழுதுதல் சிந்தனையைத் தெளிவாக்கும் என்பது உண்மை. தவறான விளக்கத்தையும் அது அதே அளவு தெளிவாக்கிவிடும். ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் குறிப்பேட்டை மதிப்பெண்ணுக்குரிய பணியாக ஆக்கும்போது இந்தக் குறை இன்னும் பெருகுகிறது. கிரஹாம் கிப்ஸ் 1988-இல் வகுத்த ஆறு படிநிலைச் சுழற்சியைப் போன்ற வடிவங்கள் தொடக்கத்துக்கு நல்ல தாங்குகோல்கள்தாம்; ஆனால் நடந்ததை விவரி, உணர்வைச் சொல், மதிப்பிடு, அடுத்து என்ன செய்வாய் என்று எழுது என ஒவ்வொரு வாரமும் கட்டாயப்படுத்தினால், மதிப்பெண் இடுபவர் எதை விரும்புவாரோ அதை எழுதும் திறமைதான் வளரும். குறிப்பேட்டை விரும்புவோர் இரண்டு திருத்தங்களைச் செய்தால் அதன் மதிப்பு உயரும் என்பது என் கருத்து. கண்டதையும் கேட்டதையும் ஒரு பக்கத்திலும், அதைப் பற்றி நினைப்பதை எதிர்ப்பக்கத்திலும் தனித்தனியே எழுதுவது ஒன்று. ஸ்டீபன் புரூக்ஃபீல்ட் 1995-இல் முன்வைத்த நான்கு பார்வைகளை, அதாவது தன் வாழ்வனுபவம், மாணவர் கண்கள், சக ஆசிரியர் பார்வை, ஆய்வு நூல்கள் ஆகியவற்றை, முறை வைத்துக் குறிப்பேட்டுக்குள் கொண்டுவருவது மற்றொன்று. இவை இல்லாத குறிப்பேடு முதல் பார்வை ஒன்றோடு நின்றுவிடுகிறது.

செயல் ஆராய்ச்சி இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. 1946-இல் கர்ட் லூயின் சமூகச் சிக்கல்களைத் தீர்ப்பதற்காக, திட்டமிடல், செயல், அதன் விளைவைக் கண்டறிதல் என்ற சுழற்சியாக இதை விவரித்தார். ஸ்டீபன் கோரி 1953-இல் இதைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975-இல், பாடத்திட்டத்தை வெளியிலிருந்து எவரோ உருவாக்கி ஆசிரியரிடம் ஒப்படைப்பதால் கல்வி மேம்படாது, ஆசிரியரே தன் வகுப்பில் அதைச் சோதிக்கும் ஆய்வாளராக வேண்டும் என்று வாதிட்டார். ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் கெம்மிஸும் ராபின் மெக்டாகர்ட்டும் 1980-களில் திட்டமிடு, செயல்படு, கவனி, மீள்நோக்கு என்ற நான்கு கட்டச் சுருளாக இதை வடிவமைத்தார்கள். இன்று பெரும்பாலான ஆசிரியர் கையேடுகளில் காணப்படுவது இந்த வடிவம்தான்.

நம் சிக்கலை இதனிடம் கொடுத்தால் முதலில் செய்ய வேண்டியது எண்ணுவது. இருக்கை வரைபடம் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒரு வாரத்துக்கு யார் பேசினார், யாரை ஆசிரியர் பெயர் சொல்லி அழைத்தார், யார் தானாகப் பேசினார் என்று கோடுகளாகக் குறிக்கலாம். வகுப்பு நடத்திக்கொண்டே குறிப்பது கடினம் என்பதால் இரண்டு மூன்று பாடவேளைகளை ஒலிப்பதிவு செய்து பிறகு கேட்டுக் குறிப்பதே நல்லது. பேசாத மாணவர்களிடம் பெயர் எழுதாத துண்டுச்சீட்டில் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் கேட்கலாம்: பதில் தெரிந்தும் சொல்லாமல் இருந்ததுண்டா, ஏன்? இந்த மூன்றில் எது வேண்டுமானாலும் ஆசிரியரின் முதல் விளக்கத்தைக் கவிழ்க்கக்கூடும். கூச்சம் என்று அவர் நினைத்தது, யோசித்து முடிப்பதற்குள் வேறொருவர் பதில் சொல்லிவிடுகிறார் என்ற எளிய காரணமாக இருக்கலாம். தவறாகச் சொன்னால் கிடைக்கும் எதிர்வினையைப் பற்றிய அச்சமாக இருக்கலாம். அறையின் ஒரு பக்கத்தை ஆசிரியரே பார்ப்பதில்லை என்பதாகவும் இருக்கலாம். அதன் பிறகு ஒரே ஒரு மாற்றத்தைச் செய்ய வேண்டும். கேள்விக்குப் பின் 3 விநாடி அமைதி காப்பதோ, பதில் சொல்லுமுன் பக்கத்தில் இருப்பவரோடு பேச ஒரு நிமிடம் தருவதோ அந்த மாற்றமாகலாம். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது. மூன்று நான்கு வாரங்களுக்குப் பின் அதே வரைபடம், அதே ஒலிப்பதிவு, அதே துண்டுச்சீட்டு.

இந்த ஏற்பாட்டில் ஆசிரியரை எதிர்த்துப் பேசக்கூடியவை மூன்று இருக்கின்றன: எண்ணிக்கை, பதிவு, மாணவர் சொல். ஜான் எலியட்டும் கிளெம் அடல்மனும் 1972 முதல் 1974 வரை இங்கிலாந்தில் நடத்திய ஃபோர்டு கற்பித்தல் திட்டத்தில், ஒரே வகுப்பைப் பற்றி ஆசிரியர், மாணவர், வெளிப் பார்வையாளர் ஆகிய மூவரின் கூற்றுகளையும் தனித்தனியே திரட்டி ஒப்பிட்டார்கள். மூன்றும் ஒத்துப்போகும் இடத்தைவிட மோதும் இடம்தான் ஆசிரியருக்குப் பயன் தருவது. அந்த மோதலை நேர்கொள்ள ஒரு துணையும் வேண்டும். நலம் விரும்புபவராகவும், அதே நேரத்தில் "உன் சான்று இதைச் சொல்லவில்லையே" என்று இடித்துரைக்கத் தயங்காதவராகவும் ஒரு சக ஆசிரியர் இருந்தால், தனி மனிதர் செய்யும் செயல் ஆராய்ச்சியின் நம்பகத்தன்மை பெரிதும் உயர்கிறது. பாராட்ட மட்டுமே தெரிந்தவரை இந்தப் பணிக்கு அழைக்க வேண்டாம்.

செயல் ஆராய்ச்சிக்கும் வரம்புகள் உண்டு. ஒரு வகுப்பில் ஒரு பருவத்தில் நிகழ்ந்த மாற்றத்துக்கு ஆசிரியர் செய்த செயல்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மாணவர்கள் ஒருவரோடு ஒருவர் பழகிவிட்டதே காரணமாக இருக்கலாம். இதை மறைப்பதற்காகவே பல அறிக்கைகளில் முன்தேர்வு, பின்தேர்வு, அவற்றின் சராசரி, அதற்கு மேல் ஒரு புள்ளியியல் சோதனை என்று அடுக்கப்படுகின்றன. ஒப்பிட வேறு வகுப்பு இல்லாத இடத்தில் அந்தச் சோதனை மாணவர்கள் காலப்போக்கில் கற்றார்கள் என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. என் வகுப்பில், இந்தச் சூழலில், இதைச் செய்தபோது, இந்த அடையாளங்களின்படி இப்படி மாறியது என்று அடக்கமாகச் சொல்லும் அறிக்கை அதைவிடப் பயனுள்ளது; படிக்கும் இன்னொரு ஆசிரியர் அதைத் தன் வகுப்பில் சோதித்துப் பார்க்க முடியும். இன்னொரு வரம்பு கேள்வியின் குறுகலால் வருகிறது. வில்ஃபிரட் காரும் கெம்மிஸும் 1986-இல் எச்சரித்ததுபோல, செயல் ஆராய்ச்சி வெறும் நுட்பத் திருத்தமாகச் சுருங்கிவிட்டால், பேசும் மாணவர் எண்ணிக்கையை உயர்த்துவதில் வெற்றி பெற்ற ஆசிரியர், எல்லாரும் வாய்விட்டுப் பேசுவதுதான் கற்றலா, எந்தப் பின்னணியிலிருந்து வரும் மாணவர்கள் மௌனமாக இருக்கிறார்கள் என்ற கேள்விகளை எழுப்பாமலேயே முடித்துவிடக்கூடும்.

பாட ஆய்வு இவை எல்லாவற்றிலும் கண்டிப்பானது. அதற்கேற்பச் செலவும் மிகுந்தது. ஜப்பானில் ஜுக்யோ கென்க்யூ என்ற பெயரில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பள்ளிகளில் வழங்கிவரும் இம்முறையை, ஜேம்ஸ் ஸ்டிக்லரும் ஜேம்ஸ் ஹீபர்ட்டும் 1999-இல் எழுதிய நூல் வெளியுலகில் பரவலாக அறியச் செய்தது. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு கற்றல் சிக்கலைத் தேர்ந்தெடுக்கிறார்கள்; பாடப்பொருளை ஆழமாகப் படிக்கிறார்கள்; மாணவர்கள் எங்கே தடுமாறுவார்கள், என்ன பதில்கள் சொல்வார்கள் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். ஒருவர் நடத்துகிறார். மற்றவர்கள் மாணவர்களுக்கு உதவாமலும் குறுக்கிடாமலும், குறிப்பிட்ட சில மாணவர்கள் என்ன எழுதுகிறார்கள், என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று பதிவு செய்கிறார்கள். பின்னர் நடக்கும் உரையாடலில் விவாதத்துக்கு உரியது பாடமும் மாணவர் கற்றலும்தான். நடத்தியவரின் திறமை விவாதப் பொருளாவதில்லை. பாடம் எல்லாருடைய படைப்பு என்பதால் குறையும் எல்லாருக்கும் பொதுவாகிறது. திருத்தப்படும் மனநிலைக்கு இதைவிடப் பாதுகாப்பான சூழலை வேறு எந்த வழியும் தருவதில்லை.

பேசாத மாணவர்களைப் பற்றிய கேள்விக்கு இதில் கிடைக்கும் சான்று தனிச்சிறப்பு உடையது. ஆசிரியர் கண்ணுக்கு மௌனமாகத் தெரியும் ஒரு மாணவி, பக்கத்திலிருந்து கவனிப்பவருக்கு, சரியான விடையை எழுதிவிட்டு அழித்துக்கொண்டிருப்பவளாகத் தெரியலாம். ஒலிப்பதிவில் இது கிடைக்காது. துண்டுச்சீட்டிலும் அவள் இதை எழுதியிருக்க மாட்டாள். அதே வேளையில், பாட ஆய்வு ஒரு பாடவேளையைத்தான் ஆழமாகப் பார்க்கிறது. பருவம் முழுவதும் படிந்துவிட்ட ஒரு பழக்கம் மாறுகிறதா என்று அறிய அது போதாது. மூன்று முதல் ஆறு ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஓய்வாக இருக்கும்படி கால அட்டவணை அமைய வேண்டும். தலைமையாசிரியர் ஒப்புதல் வேண்டும். மூத்தவர் முன்னிலையில் இளையவர் மனத்தில் பட்டதைச் சொல்லும் சூழலும் வேண்டும். இவை இல்லாமல் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் மாதிரி வகுப்பு ஒன்றை அரங்கேற்றிக் கைதட்டிக் கலைவதில் முடிந்துவிடும். இங்கிலாந்தில் எஜுகேஷன் என்டோமென்ட் ஃபவுண்டேஷன் என்ற கல்வி அறக்கட்டளையின் நிதியுதவியுடன் தொடக்கப் பள்ளிகளில் நடந்து 2017-இல் வெளியான பெரிய மதிப்பீடு ஒன்று, அங்கே நடைமுறைப்படுத்தப்பட்ட பாட ஆய்வு வடிவம் மாணவர்களின் வாசிப்பு, கணித அடைவை உயர்த்தியதற்குச் சான்று இல்லை என்று முடிவு சொன்னது. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட பள்ளிகளில் சிலவும் இதையொத்த முறைகளைக் கையாண்டு வந்தன என்பதையும் அந்த மதிப்பீடு குறிப்பிட்டது. ஆசிரியர்கள் கற்பதும் மாணவர் மதிப்பெண் உயர்வதும் ஒரே அளவில், ஒரே காலத்தில் நிகழும் என்று எதிர்பார்த்துப் பாட ஆய்வைத் தொடங்க வேண்டாம் என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முடிவு.

தன்னாய்வு ஆசிரியர்களைப் பயிற்றுவிப்போரிடையே தோன்றி வளர்ந்த மரபு. அமெரிக்கக் கல்வி ஆய்வுக் கழகத்தில் இதற்கென ஒரு தனிக் குழு 1993-இல் உருவானது. 1996-இல் இங்கிலாந்தின் ஹெர்ஸ்ட்மன்சூ கோட்டையில் கூடிய மாநாடு அதன் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் மரபாகியது. செயல் ஆராய்ச்சி "இந்த வகுப்பில் எதை மாற்றலாம்" என்று கேட்கும் இடத்தில், தன்னாய்வு "நான் நம்புவதாகச் சொல்வதும் நான் செய்வதும் ஒன்றா" என்று கேட்கிறது. ஜாக் வைட்ஹெட் அறிவியல் ஆசிரியராக இருந்தபோது, மாணவர்களே கேள்விகளை எழுப்பும் வகையில் கற்பிப்பதாக நம்பியிருந்தார். தன் வகுப்பின் ஒளிப்பதிவைப் பார்த்தபோது கேள்விகளைத் தானே அவர்களுக்கு வழங்கிக்கொண்டிருப்பதைக் கண்டார். ஒரு மதிப்பைப் போற்றிக்கொண்டே அதைச் செயலில் மறுக்கும் இந்த நிலையை அவர் தன் கல்விக் கோட்பாட்டின் மையமாக்கி 1989-இல் வெளியிட்டார். நம் எடுத்துக்காட்டில் தன்னாய்வாளர் கேட்கும் கேள்வி சங்கடமானது: எல்லா மாணவரும் பேச வேண்டும் என்று சொல்லும் நான், பாடம் விரைவாக நகர வேண்டும் என்பதற்காக அந்த நான்கைந்து பேரைச் சார்ந்திருக்கிறேனா?

இத்தகைய கேள்வியைத் தனியாக ஒருவர் கேட்டுக்கொண்டால் அது தற்புகழ்ச்சியாகவோ தன்னை வருத்திக்கொள்வதாகவோ எளிதில் சரிந்துவிடும். ராபர்ட் புல்லோவும் ஸ்டெஃபனி பின்னிகரும் 2001-இல் தன்வரலாற்று வகைத் தன்னாய்வுகளின் தரத்துக்கான நெறிகளை வகுத்ததும், விக்கி லபோஸ்கி 2004-இல் தன்னாய்வின் இயல்புகளில் ஒன்றாகப் பிறரோடு ஊடாடுவதைச் சேர்த்ததும் இந்த ஆபத்தை அறிந்தே. ஒளிப்பதிவும் இடித்துரைக்கும் துணையும் இல்லாத தன்னாய்வைக் குறிப்பேடு என்றே அழைக்கலாம். அவை இருந்தால், குறிப்பாகப் பயிற்சி ஆசிரியர்களுக்கு ஒன்றைப் போதித்துவிட்டுத் தாம் வேறொன்றைச் செய்யும் பேராசிரியர்களுக்கு, இதைவிட நேர்மையான வழி இல்லை.

கதைவழி ஆய்வைச் சுருக்கமாகவே சொல்ல முடியும், ஏனெனில் அது தீர்க்க முனையும் சிக்கலே வேறு. மைக்கேல் கானெலியும் ஜீன் கிளாண்டினினும் 1990-இல் விரிவாக முன்வைத்த இம்முறை, மனிதர்கள் தம் வாழ்வைக் கதைகளாகவே வாழ்கிறார்கள், அவற்றைச் சொல்லியும் மீண்டும் சொல்லியும் பொருள் காண்கிறார்கள் என்ற புரிதலில் நிற்கிறது. தொழிலில் சலிப்பு ஏன் வந்தது, மொழியோ இனமோ வேறான மாணவர்களிடையே நான் யார், பதவி மாறியபின் என் கற்பித்தல் என்ன ஆனது போன்ற கேள்விகளுக்கு இது தகுந்தது. மாணவர்கள் கற்றார்களா என்ற கேள்விக்கு இதை நம்பக் கூடாது. நன்றாக எழுதப்பட்ட கதை உண்மையானது போலவே ஒலிக்கும். இருப்பினும் கதைக்கும் எதிர்ச்சாட்சி சாத்தியம் என்பதை விவியன் பேலி காட்டியிருக்கிறார். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வகப் பள்ளியில் சின்னஞ்சிறு குழந்தைகளுக்குக் கற்பித்த அவர், வகுப்பில் ஒலிப்பதிவுக் கருவியை ஓடவிட்டு, குழந்தைகளின் பேச்சைத் தானே எழுத்தாக்கி, தான் கேட்கத் தவறியதை அதில் தேடினார். அவருடைய எழுத்துகளின் வலிமை நடையில் மட்டும் இல்லை; குழந்தைகளின் சொற்களே ஆசிரியரைத் திருத்துவதில் இருக்கிறது.

கல்லூரி ஆசிரியர்களுக்கு மட்டும் உரிய ஒரு குறிப்பு. எர்னஸ்ட் போயர் 1990-இல் கார்னெகி அறக்கட்டளை சார்பில், கண்டுபிடிப்பு, ஒருங்கிணைப்பு, பயன்பாடு ஆகியவற்றோடு கற்பித்தலையும் புலமையின் வகையாக ஏற்க வேண்டும் என்று வாதிட்ட பின், கற்பித்தல்சார் புலமை ஆய்வு என்ற துறை வளர்ந்தது. தன் சொந்தத் துறையில் மாணவர்கள் எந்தக் கருத்தில் தொடர்ந்து தடுமாறுகிறார்கள் என்று ஆராய்ந்து, வெளியிட்டு, துறையினரின் மதிப்பீட்டுக்கு உட்படுத்த விரும்புவோர் இதை நாடலாம். இதில் திருத்துபவர்கள் தொலைவில் இருப்பார்கள், தாமதமாகவும் வருவார்கள். அதனால் நடப்புப் பருவத்தின் மாணவர்களுக்குப் பயன் குறைவு.

எந்த வழியைத் தேர்ந்தாலும் தவிர்க்க முடியாத ஒன்று அறம். ஆய்வாளரும் மதிப்பெண் இடுபவரும் ஒருவரே என்பதால், மாணவரின் ஒப்புதல் முழு விருப்பத்தோடு தரப்பட்டதா என்ற ஐயம் எப்போதும் இருக்கிறது. கற்பித்தலை மேம்படுத்துவதற்காக ஆசிரியர் தன் வகுப்பைக் கவனிப்பது அவர் பணியின் பகுதி. அந்தத் தரவை வெளியே கொண்டுசெல்லும்போது, ஒளிப்பதிவு செய்யும்போது, மாணவர் கதையை எழுதும்போது நிலை மாறுகிறது. அப்போது மாணவர், பெற்றோர், நிறுவனம் ஆகியோரின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். மறுப்பவருக்கு எந்த இழப்பும் இல்லை என்பது சொல்லால் மட்டும் அல்லாமல் ஏற்பாட்டாலும் உறுதிப்பட வேண்டும். மதிப்பெண்கள் வெளியான பிறகே யார் ஒப்பினார், யார் மறுத்தார் என்பதை ஆசிரியர் அறியும்படி, ஒப்புதல் படிவங்களை வேறொருவர் வாங்கி வைத்திருப்பது நல்ல நடைமுறை. சிறிய பள்ளியில் பெயரை மாற்றி எழுதினாலும் குழந்தை யாரென்று எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்பதால், கதைவழி ஆய்விலும் தன்னாய்விலும் இந்த எச்சரிக்கை இருமடங்காக வேண்டும்.

இனி தேர்வுக்கு வருவோம். பணியில் சேர்ந்து ஓரிரு ஆண்டுகளே ஆனவர்கள் குறிப்பேட்டோடு தொடங்கலாம்; ஆனால் ஒரு பருவத்துக்கு மேல் அதிலேயே தங்க வேண்டாம். அனுபவம் உள்ள, தனித்து இயங்க வேண்டிய நிலையில் இருக்கும் ஆசிரியருக்கு, குறுகலான ஒரு கேள்வியோடு கூடிய செயல் ஆராய்ச்சியையே நான் உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். வாரத்துக்கு ஓரிரு மணி நேரம் கூடுதலாகச் செலவிட முடிந்தால் ஒரு பருவத்தில் இரண்டு சுழற்சிகள் முடியும். குறிப்பேடு அதற்கு மூலப்பொருளாகத் தொடரும். ஒரே பாடத்தையோ ஒரே வகுப்பு நிலையையோ கற்பிக்கும் மூன்று பேர் ஒருவரையொருவர் நம்பும் பள்ளியில், கால அட்டவணை இடம்கொடுத்தால், பாட ஆய்வை விட்டுவிடக் கூடாது. செயல் ஆராய்ச்சியில் பருவம் முழுவதற்குமான போக்கைக் கண்டு, அது விளக்காமல் விட்ட ஓர் இடத்தைப் பாட ஆய்வில் நெருங்கிப் பார்ப்பது இவ்விரண்டையும் இணைக்கும் சிறந்த ஏற்பாடு. ஆசிரியர்களைப் பயிற்றுவிப்போர் தன்னாய்வை மேற்கொள்ளட்டும். தொழில் வாழ்வின் திருப்புமுனையில் நிற்பவருக்குக் கதைவழி ஆய்வு உரியது.

தேர்வு செய்த பிறகு, தொடங்குவதற்கு முன்பே மூன்று வரிகளை எழுதி, இடித்துரைக்கத் தயங்காத துணை ஒருவரிடம் கொடுத்துவிடுவது நல்லது: என் கேள்வி இது, நான் எதிர்பார்க்கும் பதில் இது, என்ன தெரியவந்தால் நான் தவறு என்று ஏற்பேன் என்பது இது. மூன்றாவது வரியை எழுத முடியாவிட்டால், எடுத்துக்கொண்ட கேள்வி இன்னும் ஆய்வுக்குரியதாக ஆகவில்லை என்றே கொள்ளலாம்.

பள்ளி நிர்வாகங்களுக்கும் இதில் ஒரு தேர்வு இருக்கிறது. ஆசிரியர் ஆய்வைப் பதவி உயர்வுக்கான புள்ளிகளோடு இணைத்து, ஆண்டுக்கு ஓர் அறிக்கை கட்டாயம் என்று ஆணையிடுவது எளிது. அந்த ஆணையின் கீழ், "நான் செய்த மாற்றம் பலன் தரவில்லை" என்று எழுதத் துணிபவர் அரிதாகவே இருப்பார். வெற்றி மட்டுமே எழுதப்படும் இடத்தில் மேலே சொன்ன வழிகள் அனைத்தும் ஒரே வகை அறிக்கையாகத் தேய்ந்துவிடும். அறிக்கை கேட்பதற்குப் பதிலாக, விரும்பும் இரண்டு ஆசிரியர்களுக்கு வாரத்தில் ஒரு பாடவேளையை ஒரே நேரத்தில் ஓய்வாக ஒதுக்கி, ஒருவர் வகுப்பில் மற்றவர் உட்கார்ந்து கவனிக்க அனுமதித்து, அங்கே கண்டவற்றைப் பணி மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று எழுத்தில் உறுதி தரும் நிர்வாகத்தின் கீழ், எந்த வழியைத் தேர்ந்த ஆசிரியருக்கும் தன்னைத் திருத்தக்கூடிய ஒருவர் கிடைப்பார்.